கூட்டுப் பட்டா

சாரல் காலத்தில் விடியும்போது தாமிரபரணியின் மேல் வெள்ளைப் புகைபோல ஒன்று படர்ந்திருக்கும். அதற்குள் மூன்று தலைகள் தெரியும். இடப்பக்கம் பெரியப்பா, வலப்பக்கம் அப்பா, நடுவில் சைக்கிள் கடை அண்ணாச்சி. கழுத்துவரை நீருக்குள் நிற்பதால் உடல்கள் இல்லாமல் தலைகள் மட்டும் மிதந்துகொண்டு பேசுவதுபோல இருக்கும். பெண்கள் குளிக்கும் இடம் சற்றுக் கீழே, மருத மரத்தின் வேர்களைத் தாண்டி. துணி அலசிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அவர்கள் பேச்சு நீரோடு வழுக்கிக்கொண்டு வந்து சேரும். ஊரைவிட்டு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், தூக்கம் கலையும் நேரத்தில் சில நாள் அந்தக் குரல்கள் எனக்குக் கேட்கின்றன. கண்ணைத் திறந்தால் பெங்களூரின் மின்விசிறி.

அப்பாவும் பெரியப்பாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே வயலை வைத்திருக்கிறவர்கள் பேசாமல் இருக்க முடியாது. அதனால் எல்லாம் அண்ணாச்சி வழியாகப் போகும்.

"மேல மடையில தண்ணி வரலன்னு அவன்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

"நேத்தே தொறந்தாச்சுன்னு அவுககிட்ட சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குல்லா? நேரா சொன்னா நாக்கு தேஞ்சிருமாவே? உங்களுக்கு நடுவுல நின்னு நின்னு எனக்குத்தான் சளி பிடிக்குது" என்பார் அண்ணாச்சி. மறுநாளும் அதே இடத்தில் வந்து நிற்பார்.

காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாத்தாவுக்கு இரண்டு வயல் இருந்தது. இரண்டு பிள்ளைகளில் ஒருவனைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலையில், மூத்தவர் உழவுக்கு நின்றார். இளையவரான அப்பாவுக்காகக் கீழ வயல் விலைபோனது. அப்பா பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்து, இரண்டாம் ஆண்டின் நடுவில் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அரிசி மில்லில் கணக்கு எழுதப் போனார். பெரியப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தா இறந்த பதினாறாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த உறவினர்கள் முன்னால், "கீழ வயலத்தான் இவன் ஏற்கெனவே தின்னுட்டானே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. மேல வயல் மட்டும் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாகவே இருந்தது. அதைப் பிரிப்பதற்குக்கூட இருவரும் பேசியாக வேண்டுமே.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எனக்குப் பொறியியல் கல்லூரியில் பேமெண்ட் சீட் கிடைத்தது. வங்கியில் கடன் வாங்கினால்தான் சேர முடியும். வங்கி வயலைக் கேட்டது. வயல் பெரியப்பாவின் கையெழுத்தைக் கேட்டது.

நான் எதையும் வரிசையாக எழுதிப் பார்க்கிறவள். ஒரு பக்கம் பொறியியல். மறுபக்கம் டவுனில் பாலிடெக்னிக், மூன்றே வருடம், பஸ் பாஸில் போய்வரலாம், கடன் வேண்டாம். எதிர்த்தெரு அக்கா பி.ஈ. முடித்துவிட்டு நர்சரிப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பதையும் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பி.ஈ. படிச்சவளுக்கு அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளையல்லா பாக்கணும்? அந்தக் கடனுக்கு எந்த வயல வைக்க?" என்றாள். அதற்குத் தாளில் இடம் இருக்கவில்லை. எப்படிக் கூட்டினாலும் பாலிடெக்னிக் பக்கம்தான் கனத்தது. ஆனாலும் இரவில் படுத்தால், பார்த்தேயிராத அந்தக் கல்லூரியின் நீண்ட வராந்தாவில் நான் நடந்துகொண்டிருப்பேன்.

பணம் கட்டும் நாள் நெருங்கிய ஒரு காலையில் ஆற்றில் இரண்டு தலைகள்தான் இருந்தன. அண்ணாச்சி சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நடுவில் ஆறு சும்மா போய்க்கொண்டிருந்தது. அப்பா எதிர்க்கரையைப் பார்த்து நின்றார். பெரியப்பா கரையோரக் கல்லருகே வந்து நெடுநேரம் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இங்கன வா" என்றார்.

பாவாடையைச் செருகிக்கொண்டு முழங்கால் நீரில் போய் நின்றேன். அண்ணாச்சி நிற்கும் இடத்துக்கு நேரே.

"என்ன படிக்கப் போறியாம்?"

"எலெக்ட்ரானிக்ஸ், பெரியப்பா."

"அப்படின்னா?"

"ரேடியோவுக்குள்ள இருக்குதே, அது."

"ரேடியோ ரிப்பேர் பாக்கவா வயலு?" என்று ஆற்றைக் கேட்டார். பிறகு குரல் மாறியது. "உங்கப்பன்கிட்ட கேளு. இவளும் பாதியில பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா என்ன செய்யன்னு கேளு."

அப்பா நாலடி தள்ளித்தான் நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் சொன்னதைச் சொல்வதுதான் அந்த இடத்தில் நிற்கிறவரின் வேலை. நான் திரும்பி, "நானும் பாதியில வந்துட்டா என்ன செய்யன்னு பெரியப்பா கேக்காக" என்றேன். என் வாயில் அது இன்னும் கூர்மையாக வந்ததுபோல் இருந்தது.

அப்பா தண்ணீருக்குள் முங்கினார். ஒரு நீர்க்காகம் எங்களைக் கடந்து தாழப் பறந்து போனது. அவர் வெளியே வந்தபோது முகத்தில் வழிந்தது எல்லாம் ஆற்று நீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் படிப்பு ஏறல. இங்கிலீஷ்ல என்ன சொல்லுதாகன்னே விளங்கல. வயல வித்துட்டு வந்து அத எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு, "அவுக போயிருக்கணும். பள்ளிக்கூடத்துல எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததே அவுகதான். நான் வீட்டுல நின்னுருக்கணும். சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பெரியப்பா சோப்பைக் கல்லில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மருத மரத்திலிருந்து சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஏறுமா, ஏட்டி?"

"ஏறும்."

"படிச்சு முடிச்சு வேலை கெடைக்கலன்னா?"

"தெரியல, பெரியப்பா."

"உங்கப்பன் போகும்போதும் கேட்டேன். கலெக்டராயிட்டுத்தான் வருவேன்னான்." அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "நீ தெரியலன்னு சொல்லுத. சரி. தாள எங்க வீட்டுக்குக் கொண்டாரச் சொல்லு. அவன் வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்."

ஆனால் கையெழுத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில்தான் போட வேண்டியிருந்தது. அங்கே ஒரே பெஞ்சின் இரு முனைகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் நான். பெரியப்பா தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்த பிறகே பேனாவை வாங்கினார்.

அந்தப் படிப்பு அந்தக் கடனுக்குத் தகுந்ததுதானா என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். தம்பி தங்கைகளைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் அலுவலகத் தோழிகள் கேட்கிறார்கள். நான் பழைய வரிசையைத்தான் சொல்கிறேன். பாலிடெக்னிக்குக்குப் போன என் வகுப்புத் தோழி எனக்கு முன்பே சம்பளம் வாங்கினாள். நான் பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடம் வேலையின்றி இருந்தேன். அந்த வருடம் பிசானப் பருவ நெல் அறுவடையில் பெரியப்பா தன் பங்கை எடுக்கவில்லை. "வட்டிக்குன்னு அவன்கிட்ட குடுங்க" என்று அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பினார். அம்மா சொன்ன மாப்பிள்ளைக் கணக்கு இன்னும் தீரவில்லை. மறுபக்கத்தில், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஒரு மின்சுற்றுப் பலகையில் பிழை எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடிக்கும் நாளில் நான் வேறு எதையும் நினைப்பதில்லை. இது வட்டிக்கு ஈடாகுமா என்று எனக்கு இன்றும் கூட்டத் தெரியவில்லை. வயல் போயிருந்தால் இவ்வளவு நிதானமாக இதை எழுதியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, வங்கி திருப்பித் தந்த பத்திரத்தோடு சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு பீரோவில் வைத்தார். மறுநாள் விடியலில் ஆற்றுக்குப் போனேன். மருத மர வேரில் உட்கார்ந்து பார்த்தேன். அதே வெள்ளைப் புகை. அதற்குள் இரண்டு தலைகள், இரண்டும் இப்போது நரைத்தவை. சைக்கிள் கடை அண்ணாச்சி மகனோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். ஆனாலும் அவருக்கான இடத்தை நடுவில் விட்டுத்தான் நின்றார்கள். அந்த இடத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆற்றைப் பார்த்து அப்பா சொன்னது நீரோடு வந்தது.

"வயல் வந்துட்டுன்னு அவுககிட்ட சொல்லு."

பெரியப்பா ஒருமுறை முங்கி எழுந்தார்.

"தெரியும்னு சொல்லு."