பேரில்லாத மீன்

திங்கட்கிழமை தரம் ஒன்றுக்குப் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். இன்று காலை அந்தப் பிள்ளைகளின் வாப்பாமார் நாலு பேர் வகுப்பறைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தார்கள்.

ஒரு பக்கச் சுவரில் நேற்றே நான் படங்கள் வரைந்து வைத்திருந்தேன். இலை, ஆடு, மீன்.

கடலுக்குப் போகிற ரிஸ்வான் நானா மீனுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"டீச்சர், இது என்ன மீன்?"

"சும்மா மீன்தான் நானா."

"பேரில்லாத மீன் கடல்ல இல்லியே."

தூரிகையை எடுத்து அதைப் பாரை மீனாக்கினார்.

"பாரைக்கு வால் இப்பிடியா இரிக்கும்?" என்று அடுத்தவர் வாலை அழித்தார். மூன்றாமவருக்குக் கண் சரியில்லை. நாலாமவருக்குச் செதில்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதும் நாலு பேரும் மீனடியில்தான் நின்றார்கள். ஜன்னல் பக்கச் சுவரில் இன்னும் பெயின்ட் படவில்லை.

"இப்பதான் டீச்சர் இது பாரை," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மைதான். கறிக்கு வாங்கலாம் போல இருக்கிறது.

கதவைப் பூட்டும்போதுதான் கண்டேன். பக்கத்தில் நான் வரைந்த ஆட்டுக்கு மூன்று கால். காலையிலிருந்து ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை வாசிப்பவர்களில் ஆடு வளர்க்கிற ஆள் யாரும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வந்து போங்கள். ஒருவர் மட்டும் போதும்.