சாட்சி சொன்ன பிறகு ஊசி போடலாமா?

சீனி வியாதி கிளினிக்கில் எனக்கு எப்போதும் பெரிய கவலை வராமல் போகும் நோயாளிதான். வந்தவருக்குச் சீனி எவ்வளவு ஏறியிருந்தாலும் ஏதாவது செய்யலாம். வராதவரை என்ன செய்வது?

கல்முனையில் நான் தாதியாக வேலை செய்த கடைசி வருடங்களில், ஒரு புதன்கிழமை பரீதா பிரஷருக்கு விழுங்கும் குளிசை வாங்க வந்தார். மருதமுனைக்காரர், முஸ்லிம். அவர் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் தமிழர் ஊரான பாண்டிருப்பு. அங்கே றோசலின் இருந்தாள், இரண்டு பிள்ளைகளின் தாய், சின்ன வயதிலிருந்தே இன்சுலினில் வாழ்பவள். வீட்டில் பிரிஜ் இல்லாததால் அவளுடைய மருந்துப் போத்தல் பரீதாவின் பிரிஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். காலையும் மாலையும் மதிலுக்கு மேலால் கை நீட்டி வாங்குவாள்.

குளிசையை வாங்கிய பிறகும் பரீதா நகரவில்லை. பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், அந்தப் புள்ள ஞாயிறுக்குப் புறகு போத்தல் எடுக்க வரல்ல. கேட்டா சுகமாயிட்டாம். நான் மேல கதைக்க ஏலா. முஸ்லிம் பொம்புள அவங்கட வேதத்துல கைபோடுறாளெண்டு சொல்லிப்போடுவாங்க.”

றோசலின் புதிதாக வந்த ஒரு ஜெபவீட்டுக்குப் போய்வருவது தெரியும். நானும் கிறிஸ்தவள்தான், ஆனால் பழைய மிஷன் கோயில். நான் போய்ப் பேசினால், எங்கள் கோயிலை விட்டு ஆட்கள் அங்கே போகிற எரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள். எங்கள் போதகரைத் தொலைபேசியில் கேட்டேன். அவரும் அதையே சொல்லி இழுத்தார். அற்புத சுகம் இன்றும் உண்டா, மருந்து எடுப்பது அவிசுவாசமா என்று எங்கள் இரு பக்கத்தாரும் நோட்டீசிலும் பேஸ்புக்கிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊசி நின்றுபோன உடம்புக்கு அந்த வாதம் முடியும்வரை தவணை கிடையாது.

வேலை முடிந்த கையோடு ஓட்டோவில் போய், பரீதாவையும் கூட்டிக்கொண்டு றோசலின் வீட்டுக்குள் நுழைந்தேன். றோசலின் பாயில் கிடந்தாள். உதடு காய்ந்து, பெரிய பெரிய மூச்சு. கிட்டப் போனதும் பழுத்த பழ வாசம் அடித்தது. அந்த வாசம் கிளினிக் தாதிகளுக்கு நல்லாய்த் தெரியும், இன்சுலின் நின்ற உடம்பின் வாசம், மூக்கில் பட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான், அடிபட்டவன் காயத்துக்குச் சமாரியன் எண்ணெய் வார்த்தான் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதிலுக்கு ஒரு வசனம் இருந்தது. கடைசியில்தான் உள்ளே கிடந்த முடிச்சு வெளியே வந்தது.

“ஞாயிறு சபையில மைக்கில சாட்சி சொல்லிட்டன் மிஸ், கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டாரெண்டு. இனி ஊசி போட்டா அது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளையில இருக்கு.”

சுகமாகவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. சொன்ன சொல்லுக்காகச் சாகத் துணிந்திருந்தாள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதுவரை வாசலில் நின்ற பரீதா, போத்தலைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். “எங்கட நோன்புல வருத்தம் வந்த நோயாளிக்கு விலக்கு இரிக்கி புள்ள. உங்கட ஆண்டவருக்கு அந்த இரக்கமும் இல்லையா?”

றோசலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நாங்கள் இருவரும் தூக்கி ஓட்டோவில் ஏற்றியபோது மறுக்கவும் இல்லை.

வார்டில் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, ஊசி போட்டுவிட்டீர்களா என்றுதான். ஓம் என்றேன். கண்ணீர் காதுவரை வழிந்தது. அடுத்த வேளை ஊசிக்குக் கையை நீட்டவே இல்லை.

பார்வை நேரத்தில் அவளுடைய பாஸ்டர் வந்தார். மிடுக்கான ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் வியர்த்துப்போய், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார். ஊசியை நிறுத்து என்று தான் ஒருநாளும் சொல்லவில்லை என்றார். நிறுத்தாதே என்று சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சாட்சி விசயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. நேரே கட்டிலடிக்குப் போனார்.

“உங்கட கையில மைக்கத் தந்தது நான், தங்கச்சி. அது பொய்யெண்டா என்ட பொய். நீங்க ஊசியப் போடுங்க.”

றோசலின் கையை நீட்டினாள். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

மீதிப் பாதி வெளியே வந்ததும் பயமாக மாறியது. அந்த ஞாயிறு சபை நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். அவள் சாட்சியைக் கேட்டு யார் யார் குளிசையை மூடி வைத்தார்களோ? அதே மைக்கில், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றும் சொல்லுங்கள் என்று பாஸ்டரிடம் கெஞ்சினேன். யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் சொன்னது றோசலின்தான். வீட்டுக்குப் போன முதல் ஞாயிறே சபையில் எழுந்து, ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன், இதுவும் சாட்சிதான் என்றாளாம். ஆமென் சொன்னவர் பாஸ்டர் மட்டும். ஆனால் அடுத்த புதன்கிழமை, அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் காலில் புண்ணோடு கிளினிக்குக்கு வந்தார். றோசலினின் முதல் சாட்சியைக் கேட்டு அவர் குளிசையை நிறுத்தியிருந்தார்.

பயிற்சிக்கு வரும் தாதிமாருக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன். வராத நோயாளியைத் தேடிப் போனால், ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டு நிற்காதீர்கள். யாருக்கு என்ன சொல்லிவிட்டீர்கள் என்று கேளுங்கள்.