விசாலாக்ஷி மாமியின் காது

பம்பாய் ராஜதானியில் ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டுவதற்கு முன்னால் தங்கள் பெயர், குலம், கோத்திரம் மூன்றையும் விசாலாக்ஷி மாமியிடம் ஒப்பித்துவிட்டுத்தான் போக வேண்டும். கவர்னர் துரையின் காருக்கும் இதில் விலக்கு இல்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிகள் மணலில் மாட்டிக்கொண்டு முனகியபோது லண்டனிலிருந்து மாமிக்கு ஒரு தந்தி அடித்திருந்தால், எந்த எஞ்சினுக்கு என்ன சீக்கு என்று இரண்டாம் மாடி பால்கனியில் நின்றபடியே சொல்லியிருப்பாள். லண்டன்காரர்களுக்கு விலாசம் தெரியவில்லை. அதனால்தான் யுத்தம் இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

எனக்குப் பெயர் பஞ்சாபகேசன். மாட்டுங்காவில், அதே கட்டடத்தில், மாமிக்கு எதிர்வீடு. வயது பதினாறு. மெட்ரிக்குக்கு இரண்டு வருஷம் முன்பே பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டோம். ஆகையால் மாமியின் அபிப்பிராயங்களைக் கேட்க எனக்கு நிறையப் பொழுது உண்டு.

மாமிக்கு முப்பத்தெட்டு வயது. காரில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. ஆனால் தெருமுனையில் திரும்பும்போதே எது ஆஸ்டின், எது ஷெவர்லே, எது டாக்டருடையது, எது சேட்டுடையது என்று வத்தல் குழம்பைக் கிளறிக்கொண்டே சொல்லுவாள். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் கார்களின் முதுகில் தவலை மாதிரி ஒரு கரியடுப்பைக் கட்டிவிட்டார்கள் அல்லவா, அதில் மாமிக்குத் தீராத வருத்தம். ஆத்துக்குள்ளே பொம்மனாட்டிகள் அடுப்போடு திண்டாடுவது போதாதென்று காரையும் திண்டாட விடுவானேன் என்று கேட்பாள். யுத்தத்தில் யார் கை ஓங்குகிறது என்பதைப் பேப்பர் படித்துத் தெரிந்துகொள்ள மாட்டாள். ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிப் பார்ப்பாள். கல் குறைந்திருந்தால் நம் பக்கம் முன்னேறுகிறது. புழு இருந்தால் எங்கேயோ ஒரு கப்பல் நாளாகி வந்திருக்கிறது. நுரைக்காத சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னவற்றைச் சர்க்கார் கேட்டிருந்தால் மாமியை உள்ளே தள்ளியிருப்பார்கள்.

இந்தக் காது மாமிக்கு அவள் தம்பி கொடுத்தது. ஜகந்நாதன் தாதரில் ஒரு மோட்டார் வொர்க்ஷாப்பில் மெக்கானிக். சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டு அக்காவுக்குப் பாடம் எடுப்பான். முதலில் எஞ்சினைக் கேள், ஹார்னைக் கேட்காதே, ஹார்னை எவன் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பான். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவனும் அவனோடு வேலை பார்த்த கரீம் பாட்சாவும் பட்டாள லாரிகளைப் பழுது பார்க்க என்று சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போனார்கள். பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் இந்த ஆடி வரைக்கும் ஒரு வரி இல்லை.

ஆனால் மாமியின் ரேஷன் கார்டில் ஜகந்நாதன் வீட்டோடுதான் இருந்தான்.

ஆள் ஊரில் இல்லாவிட்டால் ரேஷன் ஆபீசில் சொல்லிப் பெயரை அடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கட்டடத்தில் இந்தச் சட்டத்தை மதித்தவர்கள் யாரும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயந்து பாலக்காட்டுக்கு ஓடினவர்கள் எல்லாம் கார்டுகளில் சௌக்கியமாக இருந்தார்கள். ஆபீசர் திடீரென்று வந்து தலைகளை எண்ணுவார். அப்போது பின்படிக்கட்டு வழியாக ஒரு வீட்டுத் தலையை இன்னொரு வீட்டுக்குக் கடன் கொடுப்போம். ஷ்யாமளா என்று ஒரே பெண் முதல் மாடியில் மாட்டுப்பெண்ணாகவும் மூன்றாம் மாடியில் கல்யாணமாகாத பெண்ணாகவும் நின்றிருக்கிறாள். நான் மாமி வீட்டில் ஜகந்நாதன். ஆணியில் தொங்கும் அவனுடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, இருபத்தாறு வயதுக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். ஆபீசர் ஒரு தடவை என்னைப் பார்த்து, ஆள் ரொம்ப இளைத்திருக்கிறாரே என்றார். அரிசி போதவில்லை என்றேன்.

மற்றவர்கள் அரிசிக்காகச் செய்தார்கள். மாமி அதற்காகச் செய்யவில்லை. ஜகந்நாதன் பங்கு அரிசியில் ஒரு மணியைக்கூட அவள் உலையில் போட்டதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தாராவிக்கு, கரீம் பாட்சாவின் மனைவி ஷரீஃபுன்னிசாவுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஷரீஃபுன்னிசா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, சூது தெரியாதவள். ஆபீசர் கேட்டதும் புருஷன் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் கரீம் பாட்சாவின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். அன்றைக்கு அவள் மாமியிடம் வந்து அழுதது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"செத்தவுகளுக்கு இழுக்க மாதிரி இழுத்துட்டாவ அக்கா" என்றாள்.

அந்தக் கோடு விழுந்த மாதத்தோடு கரீம் பாட்சாவின் கடிதமும் நின்றுபோனது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் கிடையாது என்று வேங்கடசுப்ரமணியன் மாமா, அதாவது மாமியின் புருஷர், எடுத்துச் சொல்லிப் பார்த்தார். மாமி தலையை ஆட்டினாள். அன்று முதல் கார்டை ஒரு பழைய பேப்பரில் சுற்றி டின்னுக்குள் அரிசிக்கு அடியில் வைத்தாள். ஜகந்நாதன் பெயர்மேல் ஒரு கோடு விழக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. தபால்காரன் படியேறும் சத்தம் கேட்டாலும் அவள் கை அந்த டின்மேல் போய்விடும். சித்திரையில் துறைமுகத்தில் கப்பல் வெடித்து எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கினபோது எல்லாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமி அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சோர் பஜார் பழஞ்சாமான் கடையில் ஒரு ரப்பர் பல்பு ஹார்ன் கிடைத்தது. ஜியாமெட்ரி பெட்டியைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அமுக்கிப் பார்த்தால் அசல் ரேஷன் ஆபீசர் காரின் குரல். அவருடைய டிரைவர் கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் அடிப்பான். புதன்கிழமை பிற்பகல், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் அதே மாதிரி அடித்தேன்.

கட்டடம் அதிர்ந்தது. பின்படிக்கட்டில் கால்கள் தடதடவென்று ஏறி இறங்கின. யாரோ மண்ணெண்ணெய் டின்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உருட்டினார்கள். முதல் மாடி நாகலக்ஷ்மி மாமி சர்க்கரை டப்பாவைச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஜபம் செய்ய உட்கார்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஹார்னைக் கரி மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டு வேடிக்கை பார்க்க மெதுவாகப் படியேறினேன்.

மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்பில் ஏதோ காகிதம் எரிந்துகொண்டிருந்தது. அரிசி டின் கவிழ்ந்து, சமையலறை முழுக்க அரிசி. மாமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஜகந்நாதனின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து எனக்காகத் தயாராக நாற்காலியில் போட்டிருந்தாள்.

என்ன எரிகிறது என்று கேட்டேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் முகத்தில் அப்போது சிரிப்பு மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆத்துக்குப் போ என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் போய் நின்றேன். மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கார்டு போயிடுத்துடா பஞ்சு" என்றாள். "இந்தச் சனிக்கிழமை யாருக்கும் அரிசி கிடையாது."

ஆபீசர் வந்தாரா என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் ஒரு கார் போயிற்று. மாமி அதன் பெயரைச் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அன்று முழுவதும் எத்தனையோ கார்கள் போயின. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

ரேஷன் ஆபீசுக்கு ஓடினேன். வரிசையில் நனைந்துகொண்டு நின்று, கார்டு தொலைந்துபோனால் என்ன செய்வது என்று குமாஸ்தாவிடம் விசாரித்தேன். புதுக் கார்டுக்கு வீட்டில் உள்ள அத்தனை பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராதவர்களுக்குப் புதுக் கார்டில் இடம் இல்லை என்று அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். அவர் மேஜைமேல் இரண்டு மைக்கூடுகள் இருந்தன. ஒன்றில் சிவப்பு.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தந்திக்காரன் கனவில் வந்தான். அவன் கையில் என் ஹார்ன் இருந்தது. நான் அமுக்கின அந்த மூன்று சத்தத்தில் ஒரு மனுஷனைக் கார்டிலிருந்து துடைத்துவிட்டேன். ஜகந்நாதனுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் மாமி என்னைத் திட்ட மாட்டாள். டின்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்துத்தான் அதிகமாகப் பயந்தேன். மாமா சொன்ன மாதிரி ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன். பகலில் அது சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தேன். ஹார்னை மாஹிம் கழிமுகத்தில் எறிந்துவிடுவது. அதற்கு முன்னால் மாமியோடு ஆபீசுக்குப் போய் ஜகந்நாதனாகவே கையெழுத்துப் போடுவது. வீட்டில் சும்மா முகத்தைக் காட்டுவது விளையாட்டு. ஆபீசில் பொய்க் கையெழுத்துப் போட்டால் ஜெயில். பழைய கணக்கு நோட்டில் ஜகந்நாதன், ஜகந்நாதன் என்று இரண்டு பக்கம் எழுதிப் பழகினேன். ஒவ்வொரு ஜகந்நாதனும் ஒவ்வொரு ஆளாக வந்தான். ஹார்னைச் சட்டைக்குள் சொருகி, மேலே குடையை அணைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"மாமி, நான் வரேன்" என்றேன். "ஆபீசுக்கு. ஜகந்நாதனா வந்து கையெழுத்துப் போடறேன். பேரை விடவேண்டாம்."

மாமி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"புடிச்சா?"

"புடிச்சா புடிக்கட்டும்."

மாமி புடவையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது கார்டு. ஒரு மூலை மட்டும் கருகிப் பழுப்பாக இருந்தது. நான் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஜகந்நாதன், வயது இருபத்தாறு, ஒரு கோடும் இல்லாமல் இருந்தான். எனக்குக் கண்ணை மறைத்தது. மழைச்சாரல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பில் எரிந்தது சுற்றியிருந்த பேப்பர்தான் என்றாள் மாமி. நான் வரக் காணோமே என்று, பொய்க் கார்டோடு ஆபீசர் கையில் அகப்படுவதைவிட எரித்துவிடலாம் என்று முதலில் தீயில் போட்டேவிட்டாளாம். போட்டவுடன் மனசு கேட்காமல் கையை விட்டு இழுத்தாளாம். வலது கையில் இரண்டு விரல் கொப்பளித்திருந்தது. நான் மூன்று நாளாக அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் உக்காந்து கேட்டுண்டே இருந்தேன்" என்றாள். "ஆபீசரோடது கரி வண்டி. கிளப்பணும்னா பின்னாடி அடுப்பை ஊதி ஊதிப் பத்து நிமிஷமாவது ஆகும், தெருவே இருமும். வந்த வண்டி போகணுமோல்லியோ? விளக்கு வெக்கற வரைக்கும் கேட்டேன். அது போகவே இல்லை."

நான் குடையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். ஒருவேளை டிரைவர் தள்ளிக்கொண்டு போயிருப்பான் என்றேன்.

"இருக்கும். ஆனா ஹார்ன் அடிச்சா ஒவ்வொரு தடவையும் முதல்ல ஓடி வந்து சட்டையை மாட்டிக்கறவன் நீ. அன்னிக்கு எல்லாருக்கும் கடைசில வந்தே. சிரிச்சுண்டு வந்தே."

நான் குடைக்காம்பைத் திருகினேன்.

"நான் அரை நாள் பயந்தேன். நீ மூணு நாள் பயந்தாச்சு. போறும்" என்றாள் மாமி. "நாளைக்கு அரிசியை வாங்கிண்டுபோய் ஷரீஃபுன்னிசாகிட்ட குடு. அந்த ஹார்னை இங்கே வெச்சுட்டுப் போ. ஜகந்நாதன் வந்தா எந்த வண்டியோடதுன்னு கேக்கணும்."

"எந்த ஹார்ன் மாமி?" என்றேன், என்னால் முடிந்த மட்டும் அப்பாவியாக.

மாமி கிட்டே வந்து குடையை ஒதுக்கினாள். என் சட்டை வீங்கியிருந்த இடத்தில், கொப்பளிக்காத ஒரு விரலால் அமுக்கினாள். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

கீழே நாகலக்ஷ்மி மாமி வீட்டில் சர்க்கரை டப்பா விழுந்து உருளும் சத்தம் கேட்டது.