முருகனுக்கு நேர்ந்த தாடி

எங்கள் முதலாளி மார்பிள் வாங்க இத்தாலி போனவர். மார்பிள் கொஞ்சம்தான் வந்தது. அதைவிடப் பெரியதாக ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர் சிமெண்டும் மரமும் விற்கிற அரபி. வளைகுடாக் கரையில், பூமியைத் தோண்டினால் உப்புத்தண்ணீர் மட்டும் வருகிற ஒரு சின்ன ஊரில் அவருடைய கொடவுன். நான் அங்கே ஸ்டோர்கீப்பர். பெரிதாக எண்ண வேண்டாம். மூட்டைகளுக்கு நடுவே நின்று தூசியைக் குடிக்கிற உத்தியோகம். எட்டாவதோடு நின்ற எனக்கு முருகன் பார்த்துக் கொடுத்தது. எழுபதுகளின் கடைசி அது. ஊரெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் எனக்கும் சோறு கிடைத்தது.

அப்போது எனக்குத் தாடி நெஞ்சுவரை இருந்தது. தலைமுடி தோளில் புரண்டது. ஸ்டைலுக்கு வளர்த்ததில்லை. ஊரில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பாளோ மாட்டாளோ என்று சேதி வந்த அன்று, கொடவுன் மூலையில் நின்று பழனி முருகனிடம் சொன்னேன்: "குழந்தையைக் காப்பாத்திக் குடுப்பா. தைப்பூசத்துக்கு நானும் அவளும் வந்து உன் சந்நிதியில முடி குடுக்கறோம். அதுவரைக்கும் கத்தி படாது." குழந்தை பிழைத்தாள். இரண்டு பூசம் லீவு கிடைக்காமல் போயிற்று. வருகிற பூசத்துக்கு லீவு கிடைத்தால் போதும். அங்கே மகளின் சிக்குப் பிடித்த முடியிலும் கத்தி படாமல் என் வீட்டுக்காரி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் முதலாளி ஒரு சாயங்காலம் எல்லோரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சாயா கொடுத்தார். அவர் பேசுவது பாதி அரபி, பாதி இந்தி. மெட்ராஸ்காரரான எங்கள் கணக்கர் தமிழில் சொல்வார். முகத்தைத் தினமும் மழமழவென்று சிரைத்துப் பவுடர் போடுகிற மனுஷர்.

மார்பிள் வியாபாரி ஒருவர் முதலாளியைக் காரில் ஏற்றி ஒரு மலைக்கு அழைத்துப் போனாராம். மலைமேல் ஒரு தனி நாடு. பெயர் சான் மரீனோ. சுற்றிலும் இத்தாலி. உச்சியில் மூன்று கோட்டைக் கோபுரங்கள்.

"எண்ணெய் இருக்கான்னு கேட்டாராம். இல்லைன்னானாம். கடல்? இல்லை. பேரீச்சை? இல்லை. அப்ப என்னத்தைய்யா திங்கறீங்கன்னு கேட்டிருக்கார். 'பார்க்க வர்றவங்களை'ன்னானாம்!" என்றார் கணக்கர்.

முதலாளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். காலையில் பஸ் பஸ்ஸாக ஜனம் ஏறுகிறதாம். கோபுரத்துக்கு டிக்கெட், போஸ்ட்கார்டு, மண்ஜாடி, ஒயின். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக்கூடக் கட்டணம். பச்சைச் சட்டையும் சிவப்புக் கால்சட்டையும் போட்ட காவல்காரனோடு நின்று போட்டோ. சாயங்காலம் ஜனம் இறங்கிவிடும். தபால்தலை மட்டும் ஆள் வராமலே விற்கிறதாம். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்து வாங்கி ஆல்பத்தில் ஒட்டுகிறார்களாம். அதை ஒட்டி லெட்டர் போடுகிறவன் குறைவு. கடிதமே எழுதாத தபால் வருமானம்! நாட்டுத் தலைவர்கள் இரண்டு பேர். ஆறு மாதத்துக்கு ஒருதரம் மாறிவிடுவார்களாம்.

"நம்ம ரூம்ல சமையல் முறை மாத்துற மாதிரியாக்கும்," என்றான் என் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீஷியன். என் ரூம்காரன், குளச்சல் பக்கத்துக் கிறிஸ்தவன்.

எனக்கு இதெல்லாம் புதிதாகப் படவில்லை. மலை இருக்கிறது, ஏறுகிற ஜனம் இருக்கிறது, வழியெல்லாம் கடை, சாயங்காலம் பஸ். இது பழனிதானே? சாமியை மட்டும் காணோம். எலக்ட்ரீஷியனிடம் அப்படியே சொன்னேன்.

"சாமி இல்லேன்னு ஆரு சொன்னா? அந்த நாட்டுக்கப் பேரே ஒரு புனிதருக்க பேராக்கும் வே. கல்லு கொத்துற வேலை பாத்தவரு. மலையில போயி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாராம்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். முதலாளி கொண்டுவந்த போஸ்ட்கார்டை வாங்கி, அந்த மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். சாமி முதலில் போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார். கடைக்காரர்கள் முன்னால் வந்து மறைத்துக்கொண்டார்கள்.

முதலாளி முடிவு செய்துவிட்டார். எண்ணெய் இல்லாத ஊர் பிழைக்க இதுதான் வழி. தபால்தலைக்கு இடமில்லை. இந்தப் பக்கத்துச் சின்ன ஊர்கள் ஒரு காலத்தில் பனிச்சறுக்குப் படமெல்லாம் போட்டுத் தபால்தலை அடித்து விற்றவைதான். ஆனால் இவையெல்லாம் சேர்ந்து ஒரே நாடான பிறகு தபால் எல்லாருக்கும் ஒன்று. பாக்கி இருப்பது கோபுரம். அது அவரிடமே இருந்தது. கடற்கரையோரம் அவருடைய அப்பா காலத்துக் காவல் கோபுரம், அதற்குள் ஆடுகள் படுத்துக்கொண்டிருந்தன. ஆட்டை விரட்டி, எங்கள் சிமெண்டிலேயே பூசி வெள்ளையடித்தார்கள். பக்கத்தில் ஓலைக்கொட்டகை போட்டுச் சாயாவும் பேரீச்சம்பழமும் போஸ்ட்கார்டும் வைத்தார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த போலீஸுக்குப் பயந்து, கணக்கர் போஸ்ட்கார்டில் ஒட்டக முத்திரை குத்தினார். அக்கம்பக்கத்து ஊர்களில் அப்போது ஐரோப்பியர்கள் வெயில் காய வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில்தான் வருவார்கள்.

காவல்காரன் வேண்டுமே? ஊர்ப் பையன்களைக் கேட்டால் சிரித்தார்கள். எல்லோரும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். முதலாளியின் கண் கொடவுனைச் சுற்றிவந்து என் தாடியில் நின்றது.

கணக்கர் தயங்கினார். அங்கே முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். "அர்பாப், இவன் திண்டுக்கல்காரன், இந்து..."

"வெள்ளைக்காரனுக்குத் திண்டுக்கல் தெரியுமா?" என்றார் முதலாளி. "யல்லா, கிளம்பு!"

வெள்ளிக்கிழமை லீவு போயிற்று. நீள அங்கி, தலைத்துணி, குறுக்கே தோட்டா வார், குண்டு இல்லாத துப்பாக்கி. நெற்றி விபூதியை அழிக்கச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை, தலைத்துணியை இறக்கிக் கட்டிக்கொண்டேன். பேசக் கூடாது என்பது உத்தரவு. ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். வெயிலில் இறால் மாதிரி சிவந்திருந்தார்கள். என் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கணக்கர் இங்கிலீஷில் என் வம்சம் தலைமுறை தலைமுறையாக அந்த வாசலைக் காத்த கதையைச் சொல்லுவார். என் தாத்தா கரூரைத் தாண்டியதில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. கோபுரத்தைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள் அதிகம். என்னைப் படம் பிடித்து போஸ்ட்கார்டே அடித்தார்கள். ஒரு ஊரின் டூரிசம் முழுக்க என் முகவாய்க்குக் கீழே தொங்கியது. வெள்ளைக்காரர்கள் அதற்குத்தான் வருகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கர் என் தாடிக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்ப ஒரு டின் பால்பவுடர் கேட்டபோது 'மாஃபி, கிடையாது' என்று கைவிரித்த மனுஷர்.

பூசம் நெருங்கியது. கணக்கரிடம் போனேன்.

"சார், லீவு வேணும் சார்."

"சீசன்ல லீவா? என்னய்யா பேசற? நீ இப்ப ஸ்டோர்கீப்பர் இல்லய்யா. நீதான் டூரிசம்!"

"வேண்டுதல் சார். கொழந்தைக்கு நேர்ந்தது. பூசத்துக்கு மலையேறணும்."

"முடிதானே? இங்கயே எடுத்து பார்சல்ல அனுப்பிடலாம். ஆனா இப்ப வேணாம். ஏப்ரல்ல எடு. முருகன் எங்க போயிடப் போறார்?"

"குடுக்கற முடியத் தபால்ல போட்டா எப்படி சார்? நானுல்ல போகணும்?"

"அர்பாப்கிட்ட இந்தக் கோயில் கதையெல்லாம் எடுத்துண்டு போகாதே. அவா வேற மதம். கோபம் வந்தா விசாவை கேன்சல் அடிச்சு ஒரேயடியா அனுப்பிச்சுடுவார்."

ரூமுக்கு வந்து உட்கார்ந்தேன். எலக்ட்ரீஷியன் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டே யோசனை சொன்னான். "தந்தி அடிக்கச் சொல்லும். அம்மைக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வான்னு. எல்லாவனும் அப்படித்தானே போறான்?"

உண்மைதான். அந்தக் காலத்தில் வளைகுடாவில் லீவு வேண்டுமென்றால் ஊரில் அம்மா படுக்க வேண்டும். எங்கள் கொடவுனிலேயே எத்தனையோ அம்மாக்கள் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார்கள். சிலர் இரண்டுதரம் செத்தும் இருக்கிறார்கள்.

"எங்கம்மா நல்லா இருக்காங்கப்பா. சாமிகிட்டப் போறதுக்கு அவங்களைப் படுக்க வைக்கிறதா? வாய்க்கு வருமா எனக்கு?"

"நீரு மாதாவுக்கு நேர்ந்திருக்கணும் வே. வேளாங்கண்ணித் திருநாளு செப்டம்பர்ல. அந்த வெயில்ல ஒரு வெள்ளைக்காரனும் இங்க எட்டிப் பாக்கமாட்டான். சுகமா லீவு கிடைச்சிருக்கும்." சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். "நேரா முதலாளிக்கிட்டயே போயிச் சொல்லும். அவரும் தொழுகிற மனுஷன்தானே."

மறுநாள் சாயங்காலத் தொழுகை முடித்து முதலாளி கொடவுன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் ஆரம்பித்தேன். குழந்தைக்குச் சீக்கு, சாகக் கிடந்தது, ஆண்டவனிடம் சொன்னேன், இந்த முடி என்னுடையதில்லை, அவனுக்குக் கொடுத்தாயிற்று. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கணக்கர் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அது ஒண்ணுமில்லை அர்பாப்" என்று இழுத்தார்.

முதலாளி அவரைக் கையமர்த்தினார். "குழந்தை இப்போது?"

"நல்லா இருக்கு, அர்பாப்."

அவர் தலைத்துணியைக் கழற்றினார். ஒட்டச் சிரைத்த தலையில் அப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது. "மக்காவில் கொடுத்தேன்," என்றார். பிறகு கணக்கர் பக்கம் திரும்பினார். அந்தச் சத்தம் கொடவுன் முழுக்கக் கேட்டது. "ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஆண்டவனுக்குச் சேர வேண்டியதைக் காட்டி நான் வெள்ளைக்காரனுக்குச் சாயா விற்றேனா!"

மீசையைத் தடவினார். அவருக்குள்ளே இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார் போல. கணக்கரின் பவுடர் போட்ட கன்னத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இவன் போகட்டும். கலாஸ், பேச்சு முடிந்தது. நீ நாளையிலிருந்து சவரம் மாஃபி."

எலக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்க மரக்கட்டைகளுக்குப் பின்னால் போனான். கணக்கர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊர் போய்ச் சேர்ந்தேன். நான் வளைகுடா போன பிறகு பிறந்து, போட்டோவில் மட்டும் அப்பாவைப் பார்த்திருந்தவள் என் மகள். தாடியைப் பார்த்ததும் அலறிக்கொண்டு அம்மா முந்தானைக்குள் போனவள், பூசம்வரை வெளியே வரவில்லை. பொம்மை கொடுத்தால் வாங்கமாட்டாள், அம்மாவிடம் கொடுத்தால், "பூச்சாண்டி போயிட்டானா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வாள். வெள்ளைக்காரர்கள் தோளில் கைபோட்டுக்கொண்ட தாடி அது.

அடிவாரத்து முடிக்கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. முதலில் நான் உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தாடியில் கத்தியை வைத்தார். "என்ன சாமி, கத்தி மழுங்குது? சிமெண்டு கலந்து வளர்த்தீங்களா?" என்றார். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார். "முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டேன். கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் முந்தானையை விட்டு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் கிட்டே வந்தாள். என் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா உள்ள இருந்திருக்காரு," என்றாள்.

பிறகு யாரும் சொல்லாமலே ஏறி என் மடியில் உட்கார்ந்து, நாவிதருக்குத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.