கரிவால்

தெருவே அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டது. மாடி அறையில் ஆறு கண்ணாடித் தொட்டிகள். அவற்றில், பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து அவளே உருவாக்கிய தங்கமீன்கள். உடம்பு முழுக்க வெள்ளை, வால் மட்டும் கரி. கரிவால் என்று பேர் வைத்தவளும் அவள்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று புருஷன் கடைத்தெருவில் அளந்துவிடுவான். அந்த ஒரு விஷயத்தில் அவன் புளுகவில்லை.

புதிதாக வாங்கிப் போட்ட மீனோடு வெள்ளைப்புள்ளி நோய் வந்து சேர்ந்தது. வெள்ளை உடம்பில் வெள்ளைப் புள்ளி யார் கண்ணுக்குத் தெரியும்? வாலில் உப்பைத் தூவியதுபோல் தெரிந்தபோது, ஐந்து தொட்டி மீன்களும் கண்ணாடியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பெண்மீன்கள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. ஆறாவது தொட்டியில் தனியாக இருந்த தாய்மீன் மட்டும் தப்பியது. அது போனால் இனமே போச்சு. அவள் மருந்தை ஊற்றிவிட்டு, சோறு தண்ணி மறந்து காவல் கிடந்தாள். ஒரு நாள் காலையில் மிச்சமிருந்த ஆண்மீன்களின் வால்கள் பளிச்சென்று இருந்தன.

"என்னங்க, ஓடி வாங்க! ஒரு புள்ளிகூட இல்ல!"

அவற்றில் நல்லதாக இரண்டை அள்ளித் தாயோடு விட்டாள். சந்தோஷம் தலைக்கேறினால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்கிறது?

தாயின் வாலிலும் புள்ளி கண்டதும், அடித்துப் பிடித்துக்கொண்டு மீனைத் தூக்கியபடி கால்நடை டாக்டரிடம் ஓடினாள். வாலில் சுரண்டியதை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். உருண்டையாக ஒன்று, சுற்றிலும் பொடிப்பொடி மயிர் துடிக்க, மெல்ல உருண்டது. அதன் நடுவில் லாடம்போல் வளைந்த உட்கரு.

"இது புழு இல்லக்கா. ஒரே ஒரு செல். தோலுக்கடியில உக்காந்து தின்னும். வயிறு நிறைஞ்சதும் கழண்டு விழுந்து, தொட்டியடியில மேல ஓடு கட்டிக்கிட்டு, ரெண்டு, நாலுன்னு நூத்துக்கணக்கா பிரியும். அந்தக் குட்டிங்க நீந்தி வரும்போதுதான் மருந்து பிடிக்கும்."

"அப்ப புள்ளி போனது?"

"குணமாகலக்கா. வால்ல இருந்தது இறங்கிடுச்சு. வெள்ளை உடம்புல இருந்தது உங்க கண்ணுக்குப் படல."

தன் கையாலேயே அல்லவா அந்த ஆண்மீன்களைத் தாயிடம் கொண்டுபோய் விட்டாள்!

"இது மூச்சு வாங்குறதைப் பாத்தா செவுள் வரைக்கும் போயிருக்குக்கா."

"மீனே இல்லாத தொட்டியில அது என்ன பண்ணும்?"

"தேடும். ரெண்டு மூணு நாள்ல பட்டினியா செத்துடும்."

அவள் தண்ணீரைச் சூடாக்கினாள், உப்புப் போட்டாள், மருந்து ஊற்றினாள், தாயிடம் வாய்விட்டுக் கெஞ்சினாள். ஆண்மீன்கள் இரண்டும் முதலில் போயின. தாய் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தது. சாயங்காலம் அதுவும் மல்லாந்துவிட்டது.

புருஷன் அதை எடுத்துப் புதைத்துவிட்டு வந்து, வாளியோடு தயங்கி நின்றான்.

"தண்ணியக் கொட்டிடவா?"

"தொடாதீங்க!" அவள் வெறுந்தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாள். "உள்ள நீந்திக்கிட்டிருக்கும். தேடட்டும். ஒண்ணும் கிடைக்காம தேடித் தேடிச் சாகட்டும்."

அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அப்புறமா கொட்டலாம்."