அண்ணனின் பங்குக் கறி

புகையில் வாட்டி வைத்திருந்த கறியை இன்று சட்டியில் போட்டதும், இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் அடுப்படி வாசனை அப்படியே வந்துவிட்டது. தீபாவளிக் கறியில், கொழும்பில் வேலை செய்த அண்ணனின் பங்கை மட்டும் அம்மா உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளின் புகை நாளெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் லீவில் வரும் அண்ணன் நேரே அதைப் பிய்க்கக் கை நீட்டுவான்.

"கைய எடுடா. பொகையில காஞ்சா போதுமா? நல்லா கொதிக்கணும்."

"கடைசி பஸ் போயிரும்மா."

"போகட்டும்."

பஸ் போய்விடும். அண்ணன் அன்றிரவு தங்குவான்.

கொழும்பிலிருந்து வந்த என் மகன் இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிறான். கறி இன்னும் கொதிக்கணும் என்று சொல்லிவிட்டு, அடுப்பைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறேன்.