யதுஷாவின் வெட்டுக்கிளி

கோணேஸ்வரன் அண்ணையைப் போல ஒரு விசர் பிடித்த மனுசனைக் கனடாவின் ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிப்பதுதான் அவருடைய வேலை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரில் கொழுவியிருக்கும் படங்களைக் கழற்றித் திருப்பிப் பார்ப்பார். “சாமிப்படத்துக்குப் பின்னாலையும் மூட்டை குடியிருக்கும்” என்பார்.

தன் வீட்டில் ஒரு படத்தை மட்டும் அவர் தொட்டதில்லை. ஒரே மகள் யதுஷா யப்பானிய முறையில் தண்ணீர் வர்ணத்தில் கீறியது. ஒரு செவ்வந்தி, அதன் இலையில் ஒரு வெட்டுக்கிளி. இலையில் கடிபட்ட ஓட்டைகள்கூட இருந்தன.

“அப்பா, யப்பான்காரர் பூச்சி கடிச்ச இலையையும் மறைக்கமாட்டினம். பூவும் பூச்சியும் சேர்ந்தாத்தான் படம்.”

“அப்ப உதுக்கும் நான் மருந்தடிக்கோணும் போலை!”

அவர்கள் சிரித்த சிரிப்பு கீழே என் வீடுவரை கேட்டது. அந்தப் பனிக்காலமே நெடுஞ்சாலையில் கார் சறுக்கி, பிள்ளை செத்துப்போனாள்.

போன வருசம் என் மெத்தையில் மூட்டை. மேலே அவர்கள் வீட்டிலிருந்துதான் இறங்கியிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். அவர் மனைவி தங்கேஸ்வரி அக்கா திறந்தார். கையெல்லாம் கடித்த தடிப்பு.

“ஆரிட்டையும் சொல்லிப்போடாதை, தங்கச்சி. மருந்தடிக்கிறவரின்ரை வீட்டிலை மூட்டையெண்டா மானம் போயிடும்.”

“மானமோ? என்ரை இரத்தமெல்லோ போகுது!”

உள்ளே அண்ணை கட்டில், சோபா எல்லாவற்றுக்கும் மருந்தடித்திருந்தார். யதுஷாவின் படம் சுவரில் அப்படியே இருந்தது.

“ஊருக்குத்தான் உபதேசமோ, அண்ணை? உதைக் கழற்றுங்கோ!”

“மருந்து பட்டா வர்ணம் கரைஞ்சிடும், தங்கச்சி. அவள் கீறி முடிச்சது இது ஒண்டுதான்.”

“அப்ப அக்காவைக் கடிச்சுத் தின்னட்டும் எண்டு விடப்போறியளோ?”

அதற்குப் பிறகுதான் கழற்றினார். பிறேமுக்குப் பின்னால் மொய்த்துக் கிடந்தன. வெட்டுக்கிளியின் மேல் அவற்றின் கறுப்பு எச்சம். மருந்தடிக்க மனம் வரவில்லை. குளிரிலும் மூட்டை சாகும் என்று, படத்தைப் பொலித்தீனில் சுற்றி, பிறீசரில் இருந்த கணவாயையும் மீனையும் எடுத்துவிட்டு அங்கே வைத்தார்.

மூட்டை ஒழிந்தது. மறுபடி போனபோது படம் சுவரில் இருந்தது. செவ்வந்தி இருந்தது, இலையின் ஓட்டைகளும் இருந்தன. வெட்டுக்கிளி இருந்த இடத்தில் கரைந்த வர்ணத்தின் அழுக்குத்தான் மிச்சம்.

வீடு வீடாய்ச் செய்கிற பழக்கத்தில், எச்சத்தை ஈரப் பஞ்சால் துடைத்திருக்கிறார்.

அவர் சொன்னார்:

“என்ரை கைக்கு ஒரு பூச்சியும் தப்பாது, தங்கச்சி.”